சீட்டின் மூன்றாவது வரி

திருப்புளி அக்காவுக்குக் கோபம் வந்த வேகத்தில் தணிந்துவிடும் என்று சொல்பவர்கள் அவளோடு பழகாதவர்கள். வாய்க்கோபம் தணியும், உண்மைதான். பஸ்ஸில் காலை மிதித்தவனை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் அவனுக்கே ஜன்னலோர இடத்தைக் கொடுப்பாள். ஆனால் ஒன்றை அடிமனதில் போட்டுப் பூட்டினாள் என்றால் அது வேறு கதை. ஏழு வருஷமாக ஒரே ஒரு மனுஷன் மேல் கறுவிக்கொண்டிருந்தாள். இறுகிப்போன ஸ்குரூ ஏதாவது கழல மறுத்தால் அவன் முகத்தை நினைத்துக்கொள்வாள். உடனே கழன்றுவிடும்.

வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது அவள் பிழைப்பு. தோள்பையில் ஸ்குரூ கழற்றப் பதினோரு திருப்புளி, தூசி தட்ட ஒரு பெயிண்ட் பிரஷ், ஒரு டார்ச், கார்பன் வைத்த ஒரு சீட்டுப் புத்தகம். வீட்டில் தங்கை போனை எடுத்து முகவரி குறித்துவைப்பாள். அக்கா போவாள், மேசைக்கடியில் புகுந்துகொள்வாள், எழுந்து வரும்போது தலைமுடியில் நூலாம்படை இருக்கும், மெஷின் ஓடும்.

அந்தச் சீட்டுப் புத்தகம்தான் அவளுடைய பிடிவாதம். வேலை முடிந்ததும் மூன்று வரி எழுதுவாள். என்ன கோளாறு, எதனால், யாரால். எழுதி உரக்கப் படித்துக் காட்டுவாள். மூன்றாவது வரியில் யார் வருகிறாரோ அவர் கையெழுத்துப் போட வேண்டும். சீட்டு, மெஷின் முன்னால் உட்கார்ந்து வேலை செய்பவர் கைக்குத்தான் போகும், வாங்கிப் போட்டவர் கைக்கு அல்ல. ரிட்டயரான வாத்தியார் ஒருவர் பூந்தொட்டியை மெஷின் தலைமேல் வைத்துத் தண்ணீர் ஊற்றிவிட்டு, பேரன்தான் கெடுத்தான் என்று சாதித்துக்கொண்டிருந்தார். 'யாரால்: வாத்தியார்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கி, சீட்டைப் பேரன் கையில் கொடுத்துவிட்டு வந்தாள். இன்னொரு வீட்டில் 'யாரால்: எலி' என்று எழுத வேண்டியிருந்தது. எலி கையெழுத்துப் போடவில்லை. அதனால் அந்தச் சீட்டு இன்றைக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது.

இந்த மூன்றாவது வரி அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பல்லைக் கடித்துக்கொள்வாள். முன்பு ஓர் ஆபீஸில் நாற்பது கம்ப்யூட்டர்களுக்கு அவள்தான் பொறுப்பு. அங்கே மேனேஜர் ஒருவர். ஊழியர்கள் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் கேமரா. யார் எத்தனை தடவை எழுந்து போகிறார்கள் என்று எண்ணுகிற மனுஷன். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு ஒரு புரோகிராமைக் கொடுத்தார். அது யாருக்கும் தெரியாமல் திரையைப் படம் பிடித்துச் சேர்த்துவைக்கும். எல்லா மெஷினிலும் போடச் சொன்னார், சந்தேகம் வராத பெயராக வைக்கவும் சொன்னார். அவளும் போட்டாள். 'பிரிண்டர் உதவி' என்று பெயர் வைத்ததே அவள்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு வெட்கமாக இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு படம் போதாது, இரண்டு விநாடிக்கு ஒன்று எடுக்கட்டும் என்றார் கேமரா. அப்படிச் செய்தால் டிஸ்க் நிறைந்து மெஷின் திணறும் என்று மன்றாடி நிறுத்தினாள்.

ஆறு மாதம் கழித்து ஆபீஸில் ஒரு ஆளைக் குறைக்க வேண்டி வந்தது. கேமரா அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தை நீட்டினார். இன்ன தேதியில் அவள் திரையில் நாற்பது நிமிஷம் அசைவே இல்லை, வேலை நேரத்தில் சும்மா இருந்திருக்கிறாள் என்று அதில் இருந்தது. திரையில் அசைவு எப்படி இருக்கும்? அந்த நாற்பது நிமிஷமும் அவள் ஒரு மேசைக்கடியில் குப்புறப் படுத்து ஒயர் மாட்டிக்கொண்டிருந்தாள். யார் மேசைக்கடியில் என்கிறீர்கள், அந்த மகானுபாவர் மேசைக்கடியில்தான். சொன்னாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்காலி காலியாக இருந்தும் உட்காரச் சொல்லவில்லை. "நின்னுக்கிட்டே போடும்மா, ஒரு கையெழுத்துதானே" என்றார். நாற்பது பேர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்க, நின்றுகொண்டே போட்டாள். வேலை போயிற்று. அந்தக் காகிதத்தால் வேறெந்த ஆபீஸும் அவளைச் சேர்க்கவில்லை. இதெல்லாம் நடந்து ஏழு வருஷம்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குத் தங்கை குறித்துக்கொடுத்த முகவரிக்குப் போனாள். கதவைத் திறந்தது ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மா. ஒரு பதிப்பகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்துகிறவர். கையில் ஒரு மர ஸ்கேல். கண்ணில் தூக்கம் இல்லை. பதினோரு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு, நாலு மாதம் முன்னால்தான் இந்த வேலையைப் பிடித்தாராம். முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்று மூன்று முறை தவணை தப்பிவிட்டது. இன்றைக்கு நாலு மணிக்குள் போய்ச் சேரவில்லையென்றால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார்கள். மெஷினோ ஒரு பக்கம் புரட்ட ஐந்து நிமிஷம் எடுக்கிறது.

எப்போதிருந்து என்று கேட்டாள் அக்கா. எந்த வீட்டிலும் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கொஞ்ச நாளாகவே மந்தம், போன வியாழக்கிழமையிலிருந்து ஒரேயடியாகப் படுத்துவிட்டது என்றார் பிழைதிருத்துநர். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என் தப்புதாங்க. கண்டதையும் திறந்து வைக்கிறேனாம், அதான் இப்படி ஆயிடுச்சுன்னு வீட்டுக்காரர் சொல்றார். ஆளைக் கூப்பிட வேண்டாம், வேலையை விட்டுடுன்னார். அவருக்குத் தெரியாமதான் உங்களைக் கூப்பிட்டேன்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. செய்யாத தப்பைத் தலையில் சுமக்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது.

மெஷினைத் திறந்தாள். தூசி ஒரு விரல்கடைகூட இல்லை. மின்விசிறி ஒழுங்காகச் சுற்றுகிறது. மூடிவிட்டு இயக்கினாள். யாரும் ஒன்றும் செய்யாமலே டிஸ்க்கின் சின்ன விளக்கு இமைக்காமல் எரிந்துகொண்டிருந்தது. எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தாள். துளி இடம் இல்லை. இந்த அம்மா ஆயுசு முழுக்கப் பிழை திருத்தினாலும் அந்த டிஸ்க்கில் ஒரு மூலைகூட நிறையாது. வேறு என்னவோ உட்கார்ந்து தின்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தவள், ஓரிடத்தில் விரலை நிறுத்தினாள்.

பிரிண்டர் உதவி.

"பிரிண்டர் எங்கேம்மா வெச்சிருக்கீங்க?"

"எங்க வீட்ல பிரிண்டரே கிடையாதே."

அக்கா மெதுவாகத் தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். எந்த வீட்டுக்குப் போனாலும் நேரே மேசைக்கடியில் புகுகிற பழக்கம், சுவரை யார் பார்த்தார்கள்? அங்கே சட்டம் போட்ட படத்தில், ஏதோ கேடயத்தை வாங்கிக்கொண்டு கேமரா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஏழு வருஷக் கோபம் குப்பென்று பற்றியது. அதோடு ஒரு சந்தோஷமும் வந்தது, அதை மறைப்பானேன்? மாட்டினாயா மவனே என்று மனசுக்குள் கூத்தாடினாள். புரோகிராம் போட்ட தேதியைப் பார்த்தாள். மனைவி வேலையில் சேர்ந்த அதே வாரம். இடைவெளியைப் பார்த்தாள். இரண்டு விநாடி. வேண்டாம் என்று அவள் தலையால் அடித்துக்கொண்ட அதே இரண்டு விநாடி. ஆபீஸில் தடுக்க அவள் இருந்தாள், வீட்டில் தடுக்க ஆளில்லை. எடுத்த படத்தில் ஒன்றைக்கூட அழிக்க மனசு வராமல் சேர்த்துவைத்திருக்கிறார். எட்டு லட்சத்துச் சொச்சம்.

சீட்டை அப்போதே எழுதிவிடலாம் போலிருந்தது. ஆனாலும் நாலு மணி என்று ஒன்று இருக்கிறதே. முதலில் அந்தப் புரோகிராமை நிறுத்தினாள். வேண்டாத குப்பைகளைக் கழித்து இடம் உண்டாக்கினாள். படங்களைத் தொடவில்லை. மெஷின் ஓட ஆரம்பித்ததும் தான் ஒரு ஸ்டூலுக்கு நகர்ந்து, நாற்காலியை அந்த அம்மாவிடம் விட்டாள்.

"முதல்ல உங்க வேலையை முடிச்சு அனுப்புங்கம்மா. சீட்டு அப்புறம் எழுதறேன்."

அந்த அம்மா திரையில் ஸ்கேலை வைத்து வரி வரியாக இறங்கினார். ஒரு புள்ளியைக்கூட விடாத கண். அக்கா காத்திருந்தாள். ஏழு வருஷம் காத்தவளுக்கு இரண்டு மணி நேரம் ஒரு பொருட்டா?

ஒன்றரை மணிக்கு வாசல் பூட்டில் சாவி திரும்பியது. சாப்பிட வந்த கேமரா, ஸ்டூலில் இருந்தவளைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. யார் இது என்று மனைவியைக் கேட்டார். பழுது பார்க்க வந்தவர் என்று மனைவி திரும்பாமலே சொன்னார். கடைசிப் பத்துப் பக்கம் பாக்கி இருந்தது. தண்ணீர் தருகிறேன் என்று சொல்லிக் கேமரா அக்காவைச் சமையலறைக்குள் அழைத்துப்போனார். அழைத்துப்போன வேகத்தில் தண்ணீரை மறந்துவிட்டார்.

கண்டுபிடித்துவிட்டாயா என்று அவர் கேட்கவில்லை, அவள் முகத்திலேயே தெரிந்தது. மென்று விழுங்கினார். வீட்டுப் பாதுகாப்புக்காகப் போட்டது என்றார், நாள் முழுக்க மனைவி யாருக்கு என்ன எழுதுகிறாள் என்று ஒரு கவலை என்றார். தூசி என்று எழுதிவிட்டுப் போய்விடச் சொன்னார். பிறகு கடைசித் துருப்பை எடுத்தார்.

"அன்னிக்கு உங்க விஷயத்துல நடந்தது தப்புதான். இப்பவே எழுதித் தரேன். நீங்க சும்மா இருக்கலை, என் மேசையிலதான் வேலை பார்த்தீங்கன்னு. அந்தக் காகிதம் ரத்துன்னு கையெழுத்துப் போட்டே தரேன். எந்த ஆபீஸும் உங்களைச் சேர்த்துக்கும்."

இந்த வார்த்தைக்காகத்தானே அக்கா ஏழு வருஷம் காத்திருந்தாள்? மேசை, நாற்காலி, தலைக்குமேல் மின்விசிறி, மாதம் முழுக்கக் குனியாத முதுகு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றன. சமையலறை வாசல் வழியாகப் பார்த்தாள். அந்த அம்மா ஸ்கேலோடு குனிந்திருந்தார். வேகமாகப் புரளும் பக்கத்தைப் பார்த்து நம்ப முடியாமல் தனக்குள் சிரித்துக்கொண்டார். இனிமேல் கண்டதைத் திறக்க மாட்டேன் என்று அவர் யாரிடமோ சத்தியம் செய்வதுபோல முணுமுணுத்தது அக்காவின் காதில் விழுந்தது.

"உங்க கையெழுத்து எனக்கு வேணும்தான் சார்," என்றாள். "ஆனா அந்தக் காகிதத்துல வேண்டாம். என் சீட்டுல போடுங்க."

திரும்பி வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது, பெற்றுக்கொண்டோம் என்று பதிலும் வந்துவிட்டது என்றார் அந்த அம்மா. அக்கா சீட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, அவசரமில்லாமல் எழுதி, வழக்கம்போல உரக்கப் படித்தாள்.

"என்ன கோளாறு: டிஸ்க் நிறைஞ்சு மெஷின் திணறுது. எதனால்: இந்தத் திரையை ரெண்டு விநாடிக்கு ஒரு தடவை ரகசியமா படம் பிடிக்கிற புரோகிராம். நாலு மாசமா, எட்டு லட்சம் படம். யாரால்: வீட்டுக்காரர்."

பிழைதிருத்துநர் சீட்டுப் புத்தகத்தை வாங்கி, ஸ்கேலை வைத்து மூன்று வரியையும் தானே ஒருமுறை படித்தார். பிறகு பேனாவைக் கணவரிடம் நீட்டினார். அவர் நாற்காலி தேடினார். நாற்காலியில் மனைவி, ஸ்டூலில் அக்கா.

"நின்னுக்கிட்டே போடுங்க சார்," என்றாள் அக்கா. "ஒரு கையெழுத்துதானே."

போட்டார். ஏழு வருஷம் முன்னால் அந்தக் காகிதத்தில் பார்த்த அதே கையெழுத்து, இந்தத் தடவை கோணிக்கொண்டு போனது. சீட்டைக் கிழித்து அந்த அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கார்பன் நகலைப் பைக்குள் வைத்தபோது அக்காவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆபீஸ் நாற்காலி போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"அந்தப் படமெல்லாம் இன்னும் இருக்கா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"ஒண்ணுகூட அழிக்கலைம்மா. அழிக்கறதா இருந்தா அதை நீங்கதான் சொல்லணும்."

எங்கே இருக்கின்றன என்று கேட்டு, தானே ஃபோல்டரைத் திறந்தார். முதல் படம் திரையில் விரிந்தது. அவர் எழுந்து சமையலறைக்குப் போய் இன்னொரு நாற்காலியை இழுத்து வந்து தன் பக்கத்தில் போட்டார்.

"உட்காருங்க," என்றார் கணவரிடம். "நான் என்ன தப்புப் பண்ணினேன்னு காட்டுங்க. முதல்லேருந்து, ஒவ்வொண்ணா."

"எட்டு லட்சம் இருக்கும்மா," என்று முனகினார் கேமரா.

"இருக்கட்டும்." அவர் ஸ்கேலைத் திரையின் முதல் வரிக்கு அடியில் வைத்தார். "என் வேலையை அனுப்பிட்டேன். எனக்கு இப்ப ஒரு அவசரமும் இல்லை."