போதும் என்று ஒரு பெயர்

எங்கள் பெரியம்மாவுக்கு இரண்டு பெயர்கள். அருள்புரத்தில் அவர் செக்கிங் பார்த்த பனியன் கம்பெனியில் பூமணி. வீட்டில் வைத்தது போதும்பொண்ணு. வரிசையாகப் பெண்களே பிறந்த வீட்டில், இனி பெண் வேண்டாம் என்று கடவுளுக்குத் தெரிவிப்பதற்காக வைத்த பெயர். கம்பெனியில் அது தெரிந்தால் மானம் போய்விடும் என்று நினைத்திருந்தார்.

பள்ளி விடுமுறையில் ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். அன்று அஜர்பைஜானிலிருந்து ஒரு பையர் அம்மா வந்திருந்தார். குழந்தைகள் டி-ஷர்ட் வாங்க வந்தவர், மதியம் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்க்க வந்து எங்கள் மேசையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியம்மா வீட்டில் வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் கொடுத்தார். தின்று முடித்ததும், "இன்னொன்னு எடுத்துக்கங்க" என்று நீட்டினார். அந்த அம்மா கையை மறித்து "யெத்தர், யெத்தர்" என்றார். பிறகு தன் கழுத்து அட்டையைக் காட்டித் தானே சிரித்தார்.

ஆர்டர் பார்க்கும் அண்ணன் ஆங்கிலத்தில் விசாரித்துவிட்டுச் சொன்னார். "யெத்தர்னா போதும்னு அர்த்தமாமுங்க. அவங்க பேரே அதுதான். பொண்ணா பொறந்துட்டே இருந்தா அவங்க ஊர்ல இப்படித்தான் வெப்பாங்களாம்."

மேசையில் சிலர் சிரித்தார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. கச்சாய டப்பாவை மூடினார், திறந்தார்.

"எம்பேரும் அதுதானுங்க" என்றார். "போதும்பொண்ணு. சொல்லுங்க அவங்ககிட்ட."

அண்ணன் சொன்னதும் அந்த அம்மா எழுந்து வந்து பெரியம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். தனக்குப் பிறகு தம்பி பிறந்தானாம். பெயர் பலித்தது என்று ஊருக்கே விருந்து வைத்தார்களாம். "உங்களுக்கப்புறம் பையன் பொறந்தானான்னு கேக்கறாங்க" என்றார் அண்ணன்.

"இல்லீங்க. இவ அம்மா பொறந்தா."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. மறுநாளிலிருந்து கம்பெனியில் பெரியம்மாவைப் போதும்பொண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

பெஸ்தி, கிஃபாயத் என்று அந்த நாட்டில் இதே பொருளில் இன்னும் பெயர்கள் உண்டு என்பதும், யெத்தர் என்பதன் வேர்ச்சொல்லுக்கு 'எட்டுதல்' என்றும் பொருள் உண்டு என்பதும் வளர்ந்தபிறகு படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்கு அது நல்ல வேடிக்கை, அவ்வளவுதான். சாயங்காலம் ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "அக்காளுக்காச்சும் யோசிச்சு ஒரு பேரு வெச்சாங்க கண்ணு" என்றார். "பள்ளிக்கூடத்துல வாத்தியார் கேக்கற வரைக்கும் எனக்குப் பேரே வெக்கல."

எனக்குப் பொறாமையாக இருந்தது. அப்படியானால் பிடித்த பெயரைத் தானே வைத்துக்கொண்டிருக்கலாமே, அம்மா ஏன் வைத்துக்கொள்ளவில்லை என்று கேட்டுக் கேட்டு அன்று அவரைத் தூங்கவிடவில்லை.