எஸ்தர் சிஸ்டர் பார்த்த கடைசிப் பிரசவம்

அந்தச் செய்தி வந்தபோது நான் தண்ணீர் லாரிக்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு வர வேண்டிய லாரி ஒன்பதே காலுக்கு வந்து நின்றால் ஒரு குடியிருப்போர் சங்கச் செயலாளர் வேறு என்ன செய்வான்? சண்டை சூடு பிடிக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து எஸ்தர் சிஸ்டரின் மகன் ஜோயல் கூப்பிட்டான். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றான். நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். சண்டையைப் பாதியில் விடுவது என் வழக்கமில்லை. அவரே பயந்துபோய்க் குழாயை மாட்டித் தண்ணீரை ஏற்றிவிட்டுப் போனார்.

செய்தியை நம் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் ஆளாகத் தரைத்தள வீட்டுப் பெரியவர் ஒரு கட்டைவிரலை உயர்த்திப் போட்டார். அப்புறம் பதறிப்போய் அதை எப்படி எடுப்பது என்று கேட்டு எனக்கே போன் செய்தார். சிஸ்டர் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

நினைவு ஆராதனைக்காக அச்சடிக்கும் சிறு புத்தகத்தில் இரண்டு பக்கம் எழுதித் தரும்படி ஜோயல் கேட்டான். ரொம்பப் புகழ வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது என்று நிபந்தனையும் போட்டான். இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்கள். சிலர் அவர் கையில் பிறந்தவர்கள். சேலையூர் மார்க்கெட்டில் அவரோடு காய் வாங்கப் போனால் கத்தரிக்காய்க்கு வந்து சேர்வதற்குள் நாலு தாய்மார்கள் வழிமறித்து, பிள்ளையின் மார்க்கு முதற்கொண்டு சொல்லிவிட்டுத்தான் விடுவார்கள். நீங்கள் அறிந்த சிஸ்டர் அவர். எனக்குத் தெரிந்தவர் மீன் வளர்த்த சிஸ்டர். அதை எழுதினால் நான் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டியிருக்கும். எழுதிவிடுகிறேன்.

முதலில் அந்தத் தொட்டி. அது ஜோயலுடையது. பவளம், கடல் தாமரை, ஆரஞ்சும் வெள்ளையுமாக ஒரு ஜோடி க்ளவுன் மீன், அவற்றுக்குத் தனி விளக்கு, தனி மோட்டார், தனி உப்பு. அவன் கனடாவுக்கு வேலைக்குப் போனபோது, ஆறே மாதத்தில் ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்று சொல்லி அதை அம்மாவின் ஹாலில் விட்டுப் போனான். ஆறு மாதம் மூன்று வருடமானது. தொட்டி வந்திறங்கிய அன்றே, இரண்டாவது மாடித் தளம் இந்த எடையைத் தாங்குமா என்று கேட்டு நான் சங்கத்தின் சார்பில் ஒரு கடிதம் கொடுத்தேன். பதில் இல்லை. இரண்டாவது கடிதம் கொடுத்தேன். படிக்கட்டில் மடக்கிப் பதில் சொன்னார்: "செக்ரட்டரி சார், மூணாவது மாடி உங்களையே தாங்குது. இதைத் தாங்காதா?" அன்றைக்கு எண்பத்தெட்டுக் கிலோ இருந்தேன். மூன்றாவது கடிதம் எழுதவில்லை.

மீன்கள் மேல் அவருக்குப் பெரிய பிரியம் ஒன்றும் கிடையாது. மகன் ஒப்படைத்த டியூட்டி, அவ்வளவுதான். வேளைக்குத் தீனி போடுவார், உப்புப் பார்ப்பார், ஒரு நோட்டில் குறித்து வைப்பார். அதனால்தான் அவர் ஏமாந்தார். கடல் தாமரைக்குப் பின்னாலிருந்த பாறையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ அப்பியிருப்பதைப் பார்த்துப் பூஞ்சை என்று நினைத்தார். ஆண் மீன் அதன் பக்கத்திலேயே நின்று துடுப்பை ஆட்டிக்கொண்டிருந்ததை, 'நடுக்கம்' என்று நோட்டில் எழுதியிருந்தார். அது முட்டைக்கு விசிறிக்கொண்டிருந்தது என்று பின்னால் தெரிந்தபோது, "என் சர்வீஸ்ல பிரசவத்துக்கு இப்படிக் கூடவே நின்ன அப்பன் ஒருத்தனையும் பாத்ததில்ல, அதான் வியாதின்னு எழுதிட்டேன்" என்றார்.

ஐப்பசி மழையில் ஒருநாள் சாயங்காலம் ஏழு மணிக்குக் கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் மோட்டார் ஓடியது, விளக்கு மட்டும் அணைந்துவிட்டது. சிறிது நேரம் கழித்துச் செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் தொட்டி முழுக்கத் தூசு. ஒவ்வொரு தூசுக்கும் இரண்டு கண். சிஸ்டர் என் வீட்டுக் கதவைத் தட்டி, சங்கத்தின் பெரிய டார்ச்சைக் கேட்டார். எதற்கு என்று கேட்டேன். வேலை இருக்கிறது என்று சொல்லி வாங்கிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். என்னிடம் சொன்னால் மூன்றாவது கடிதம் வரும் என்று பயந்திருக்கிறார். வந்திருக்கும்.

நடந்ததைப் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். குஞ்சுகள் வெளிச்சத்தைத் தேடி வரும், ஒரு மூலையில் டார்ச்சைக் காட்டிக் கிண்ணத்தால் மொண்டு வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மீன்களும் மோட்டாரும் மிச்சம் வைக்காது என்று ஜோயல் வீடியோவில் சொல்லியிருக்கிறான். கூடவே, வீட்டில் பிறக்கும் இந்தக் குஞ்சுகள் அநேகமாகப் பிழைக்காது, மனதை விட்டுவிடாதே அம்மா என்றும் சொல்லியிருக்கிறான். பிழைக்காது என்ற வார்த்தையைச் சிஸ்டரிடம் சொல்லலாமா? முப்பத்தாறு வருடம் அந்த வார்த்தையோடு மல்லுக்கட்டிய மனுஷி. அந்த நிமிஷம் முதல் அது மகனின் தொட்டி இல்லை, அவருடைய வார்டு.

குஞ்சுகளின் வாய்க்குள் போகும் தீனி கடையில் கிடைக்காது. ரோட்டிஃபர் என்று கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஒரு கடல் உயிர் வேண்டும், அதுவும் உயிரோடு வேண்டும். அதற்குத் தீனி பச்சைப்பாசித் தண்ணீர். மறுநாள் விடிந்ததும் சிஸ்டர் ஆட்டோ பிடித்துக் கோவளம் தாண்டி ஒரு கொடுவா மீன் குஞ்சுப் பண்ணைக்குப் போய், மூன்று குடிதண்ணீர் கேன் நிறைய அதை வாங்கி வந்தார். பாசிக்கு வெயில் வேண்டும் என்பதால், குஞ்சுகளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தை மொட்டை மாடியில் வைத்தார்.

இனி நான் வருகிறேன். டெங்கு சீசன். தண்ணீர் தேங்கக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்தில் என் கையெழுத்தோடு நோட்டீஸ் ஒட்டியிருந்தேன். மூன்றாம் நாள் காலை மொட்டை மாடிக்குப் போனால் பச்சைப் பசேலென்று மூன்று கேன், உள்ளே பொடிப்பொடியாக ஏதோ நெளிகிறது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கார்ப்பரேஷனிலிருந்து வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வரும் கலா என்ற பெண் அப்போதுதான் கேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நானே கூட்டிப் போய்க் காட்டினேன். அவள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது கொசுப்புழு மாரி இல்லியே. இன்னாவோ வளத்துகினு கீறாங்க போல" என்றாள். எவ்வளவு நல்ல பெண். நான் கேட்டேனா? செயலாளர் சொல்கிறேன், கொட்டும்மா என்றேன். கொட்டிவிட்டாள். கேன்களை பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிக் கவிழ்த்து வைத்தது நான்.

அரை மணி நேரத்தில் சிஸ்டர் ஒரு கிண்ணத்தோடு மாடிக்கு வந்தார். கவிழ்ந்த கேன்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கார்ப்பரேஷன்காரர்கள் வந்து கொட்டிவிட்டார்கள் என்றேன். பொய் இல்லை, ஆனால் அதைவிடக் கேவலம். அவர் என்னைக் கீழே அழைத்துப் போய், கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிய ஒரு சிறிய தொட்டியைக் காட்டினார். அரிசி நொய்யில் பாதிகூட இல்லை ஒவ்வொன்றும். நூறு நூற்றைம்பது இருக்கும். தீனி இன்று மதியம் வரைக்கும்தான் வரும், சாயங்காலத்துக்குள் கிடைக்காவிட்டால் எல்லாம் போய்விடும் என்றார்.

"செக்ரட்டரி சார், வண்டில பெட்ரோல் இருக்கா?" என்று கேட்டார்.

அலுவலகத்துக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். என் காலிடுக்கில் ஒரு கேன், பின்னால் சிஸ்டர், அவர் மடியில் ஒரு கேன். புதுக் கேன்கள்தான். பழையதில் பிளீச்சிங் வாடை போகாது என்று மேடவாக்கத்தில் நானே வாங்கினேன். என் வாழ்க்கையில் அப்படி வண்டி ஓட்டியதில்லை. திரும்பி வரும்போது சோழிங்கநல்லூர் சிக்னலில் ஒரு போக்குவரத்துக் காவலர் நிறுத்தி, கேனில் என்ன என்று கேட்டார். "குழந்தைங்களுக்குச் சாப்பாடு" என்றார் சிஸ்டர். காவலர் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அந்தக் குழந்தைகளை நினைத்துக் கவலையோடு வழிவிட்டார்.

அடுத்த பத்து நாள் நான் அலுவலகம் விட்டதும் நேராக அங்கேதான் போனேன். செருப்பை வெளியே விட வேண்டும், கையைக் கழுவ வேண்டும், சத்தம் கூடாது, ஒரு நேரத்தில் ஒரு பார்வையாளர். நான் பேர் வைக்கலாமா என்று கேட்டதற்கு, டிஸ்சார்ஜ் ஆகும்வரை பேர் கிடையாது என்று சொல்லிவிட்டார். தினமும் சில செத்து மிதந்தன. ஒருநாள் பாதிக்குப் பாதி போய்விட்டது. நான் கண் கலங்கி நின்றபோது, "அழறதுக்கு அப்புறமா டைம் தரேன். இப்ப அந்த டியூபைப் பிடிங்க" என்றார். வார்டில் அவரோடு இருந்தவர்களுக்கு இந்த வாக்கியம் புதிதாக இருக்காது.

பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு என் கதவைத் தட்டி, வாங்க என்றார், அவ்வளவுதான். போய்ப் பார்த்தேன். ஒரு குஞ்சின் தலைக்குப் பின்னால் நூலிழை போல ஒரு வெள்ளைக் கோடு. கோடு விழுந்தால் கண்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். சாயங்காலத்துக்குள் இன்னும் மூன்று. கடைசியில் பதினொன்று தேறின. ஜோயல் கனடாவில் தன் நண்பர்களிடமெல்லாம் அந்தப் படத்தைக் காட்டினானாம். மீன் வளர்ப்பவர்கள் வந்து வாங்கிப் போனபோது ஒவ்வொருவர் கையிலும் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டு இருந்தது. பிறந்த நேரம் உட்பட.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது, என் நெஞ்சுக்குள் அந்தக் கேன்களைத் தவிர. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை போயிருக்கிறேன். அவர் காபி கொடுப்பார், குடித்துவிட்டு வந்துவிடுவேன். போன மாதம் ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்தபோதுதான், இனி தள்ளிப்போட நாளில்லை என்று தெரிந்து சொன்னேன். சிஸ்டர், அன்றைக்குக் கொட்டச் சொன்னது நான்தான் என்றேன்.

"தெரியும்" என்றார். "கலாவோட ரெண்டு பிரசவமும் நான்தான் பாத்தேன். நான் மாடி ஏறும்போது எதிர்ல வந்தவ, படியிலயே சொல்லிட்டா."

அப்படியானால் அந்த மாடியில் என் முகத்தைப் பார்த்தபோதே அவருக்குத் தெரியும். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே என்றேன்.

"திட்டினா நீங்க வீட்டுக்குப் போயிருப்பீங்க. எனக்கு வண்டி வேணும்" என்றார். மூச்சு வாங்கியது. நிறுத்திவிட்டுச் சொன்னார்: "வார்டு வாசல்ல பாத்திருக்கேன் சார். பொண்டாட்டிய அழ வெச்சவன்தான் ரத்தம் குடுக்க முதல்ல ஓடுவான். ஓட விடணும்."

போன ஞாயிற்றுக்கிழமை நம் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனது. யாரோ சுவிட்சைப் போட்டுவிட்டு மறந்திருக்கிறார்கள். இருபத்துநாலு வீட்டிலும் தண்ணீர் இல்லை. கீழே கூடியவர்களில் ஒருவர் மட்டும் என் கண்ணைப் பார்க்காமல் நின்றார். பழைய நானாக இருந்தால் அதற்குள் கடிதத்துக்கு முதல் வரி தயாராகியிருக்கும். நான் அவரிடம் போய், எலக்ட்ரீஷியன் வீடு உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். அந்த வெயிலில், லுங்கியோடு, அவர் ஓடிய ஓட்டத்தைச் சிஸ்டர் பார்த்திருக்க வேண்டும்.