மாடு பார்க்க வாங்கிய திட்டு

காயடிக்கிற உத்தியோகத்தில் இருப்பவனை யாரும் வாழ்த்தியதாகச் சரித்திரம் இல்லை. மாட்டு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து முழங்காலில் உதை வாங்கிய அன்பர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் நான் ராயபுரத்தில் மாட்டு டாக்டர். வெளியிலிருந்தே நரம்பை நசுக்குகிற இடுக்கி ஒன்று எங்களிடம் இருந்தது. ரிப்பேருக்குப் போனது, திரும்பவேயில்லை. ஆகவே கத்தி.

முதல் வசவு

காசிமேட்டு தேவராஜ் துறைமுகத்துக்கு ஒற்றை மாட்டு வண்டி ஓட்டுகிறவர். திமில் திரண்டு வலுக்கட்டும் என்று காளையைக் காயடிக்காமல் விட்டுவைத்தார். அது பசுவைக் கண்டால் மூட்டையோடு வண்டியைக் குடைசாய்த்தது. அந்த ஒரு மாட்டை நம்பித்தான் அவர் வீட்டில் உலை. வேறு வழியில்லாமல் என்னிடம் ஓட்டிவந்தார்.

கயிறு போட்டுச் சாய்த்து, மரத்துப்போக ஊசி குத்தி, விதைப்பையின் அடியில் கீறி, விதைகளை வெளியே இழுத்து, நரம்பைக் கட்டி அறுத்தேன். அதுவரை கேட்டுக்கு வெளியே நின்றிருந்த தேவராஜ், மாடு எழுந்ததும் ஓடிவந்து என்னைக் கன்னாபின்னாவென்று வைதார். வண்டிக்காரர்கள் அத்தனை பேரும் இதைச் செய்வார்கள். எனக்குத்தான் பழகவேயில்லை. வைது முடித்து என் காதருகே குனிந்தார். "கோச்சிக்காத சார், நான்தான் அறுக்கச் சொன்னேன்னு அதுக்குத் தெரிஞ்சுதுன்னா நாளிக்கு என்னத்தான் முட்டும்."

மேரியின் தையல்

கீறிய புண்ணின் வாயைத் தைக்கக் கூடாது. உள்ளே ஊறுகிற நீர் வடிந்தாக வேண்டும். ஈ மொய்க்காமல் வேப்பெண்ணெய் தடவச் சொல்லி அனுப்பினேன். சில நாளில் தேவராஜ் மூச்சிரைக்க வந்து நின்றார். மாடு தீனி எடுக்கவில்லை, எழவுமில்லை.

போய்ப் பார்த்தால் பை பூசணிக்காயாக வீங்கி நெருப்பாய்க் கொதிக்கிறது. கீறிய இடத்தில் வலை நூலால் நெருக்கமாக ஒரு தையல். நான் போட்டால்கூட அத்தனை அழகாக வராது. தேவராஜின் மனைவி மேரி கிழிந்த மீன்வலைகளைத் தைத்துச் சரிசெய்கிறவர். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் அழுதுகொண்டே கேட்டார்: "எந்த வலைய சார் நானு ஓட்டையோட வுட்டுகீறேன்?"

இரண்டாம் வசவு

தையலைப் பிரித்தேன். பீய்ச்சிய சீழில் பாதி என் சட்டைக்கு. கழுவுவதும் பென்சிலின் போடுவதுமாக ஆஸ்பத்திரிக்கும் காசிமேட்டுக்கும் அலைந்தேன். அந்த மாடு போனால் இவர்கள் தெருவில் நிற்பார்களே என்று எனக்குப் பயமாகவே இருந்தது.

ஒரு நாள் காலையில் மாடு தானாக எழுந்து வைக்கோலைக் கடித்தது. மேரி சிலுவை போட்டுக்கொண்டார். தேவராஜ் விறுவிறுவென்று என்னை நோக்கி வந்தார். ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்து, "ம், திட்டுங்க" என்றேன். அவர் நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். மாடு பார்க்கிறது ஐயா என்று நினைவூட்டினேன். "பாத்தா பாக்கட்டும் சார்."

அன்பர்களே, வைதாலும் கும்பிட்டாலும் இந்தத் தொழிலில் உதை மட்டும் நிச்சயம்: அவர் எழுவதற்குள் மாடு என் முழங்காலில் ஒன்று போட்டது.