மெர்ல் திறந்த கதவு

மெர்ல் ஹிங்ஸ்டனைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனாலும் எழுதுகிறேன். பர்னி ஊரில் அவளைப் பற்றிப் பேசுகிற அத்தனை பேரும் பாதியைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

மெர்லுக்கு அறுபத்தொரு வயது. முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். குட்டையான உடம்பு, கரகரத்த தொண்டை. பின்சீட்டில் எவனாவது சேட்டை செய்தால் திரும்பிக்கூடப் பார்க்காமல், "டேய், காலை இறக்கு" என்பாள். கால் இறங்கிவிடும். புருஷன் காகித ஆலையில் இருந்தவன், ஆலை மூடிய வருடமே போய்ச் சேர்ந்தான். ஒரே மகள் கிர்ரா. பதினேழு வயதில் அம்மாவோடு பெரிய சண்டை போட்டுவிட்டு பெர்த்துக்குப் போனவள். நாட்டின் அந்தக் கோடிக்கு. பன்னிரண்டு வருடமாக ஒரு போன் கிடையாது.

அதை மெர்ல் யாரிடமும் சொல்லி அழுததில்லை. மைக் முன்னால் மட்டும்தான் சொன்னாள்.

எங்கள் பந்து உருட்டும் கிளப்பில் மாதத்தின் முதல் ஞாயிறு, மதியம் மூன்று மணிக்கு, மைக் எல்லோருக்கும் பொது. கவிதை, கதை, பெண்டாட்டியைப் பற்றிய புலம்பல், எதுவும் சொல்லலாம். இரண்டு நிமிடம்தான். பார்க்க வந்தவர்களில் ஐந்து பேரைப் பிடித்து நடுவராக்கி, மார்க் போடக் கையில் அட்டை கொடுப்போம். ஜெயித்தவருக்கு ஒரு தட்டு நிறைய இறைச்சி. கிளைவ் பிராமிச் என்கிற நான்தான் நேரம் பார்ப்பவன், நோட்டில் பெயர் எழுதுபவன். இரண்டு நிமிடம் தாண்டினால் மணி அடிப்பேன். மைக்கும் ஸ்பீக்கரும் டார்சி லவலுடையவை. கூட்டத்தை நடத்துவதும் அவன்தான். வீடு விற்றுக்கொடுக்கும் தரகன். ஈரச் சுவரைக்கூடக் கடல் காற்று என்று சொல்லி விற்றுவிடுகிற குரல் அவனுக்கு.

முதலில் பேசுகிறவரை நாங்கள் பலியாடு என்போம். நடுவர்கள் மார்க் போட்டுப் பழக ஒரு ஆள் வேண்டும், அதற்குத்தான். அவருடைய மார்க் சேராது, பெயர் நோட்டில் ஏறாது. அவர் பேசும்போது பாதிப் பேர் பீர் வரிசையில் நிற்பார்கள், மீதிப் பேர் நாற்காலி இழுப்பார்கள். யாருக்கும் பிடிக்காத அந்த வேலையை ஆறு வருடமாக மெர்ல்தான் செய்தாள்.

"நீங்கெல்லாம் கோழி மாதிரி நடுங்கறதப் பாக்க சகிக்கல. நகரு, நானே போறேன்" என்று மைக்கைப் பிடுங்குவாள்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிறு, பலியாடாக நின்று அந்தக் கவிதையைச் சொன்னாள். அவள் ஓட்டும் தடத்தில் ஆறாவது நிறுத்தம் அவள் வீட்டு வாசல். அங்கே ஏறவும் ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஆனாலும் தினமும் மாலையில் வண்டியை நிறுத்திக் கதவைத் திறப்பாள். கிர்ரா பள்ளியிலிருந்து வந்து இறங்கிய இடம் அது. "ஆறாவது நிறுத்தம். கதவைத் திறக்கிறேன். காற்று ஏறுகிறது. கதவை மூடுகிறேன்." கவிதை இப்படித்தான் முடியும். என் கையில் கடிகாரம் ஒரு நிமிடம் ஐம்பத்து நான்கு நொடியைக் காட்டியது போலிருந்தது. என் கண் கலங்கிப்போய் முள் சரியாகத் தெரியவில்லை. பீர் வரிசையில் யாரோ சிப்ஸ் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டார்சியும் கேட்டான். கூட்டம் முடிந்தால் அவன் ஓட்டுகிற நிலையில் இருக்கமாட்டான், மெர்ல்தான் காரில் கொண்டுபோய் விடுவாள். வழியெல்லாம் கவிதைப் பேச்சு. "காத்து உள்ள வருதுன்னு இருந்துச்சு. ஏறுதுன்னு மாத்துன்னு டார்சிதான் சொன்னான். பய கெட்டிக்காரன்" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அவளுக்கு இந்த ஊரில் நண்பன் என்றால் அவன் ஒருவன்தான். அப்புறம் நான்.

இந்த வருடம் செப்டம்பரில், தலைநகர் ஹோபார்ட்டில் நடக்கும் கவிதை இறுதிப் போட்டிக்கு ஆள் எடுக்கும் சுற்று எங்கள் கிளப்புக்கு வந்தது. முந்தின நாள் மெர்ல் என் வீட்டுக்கு வந்தாள்.

"கிளைவ், நோட்டுல என் பேரை எழுது."

"என்ன, பலியாட்டுக்குக் கொம்பு முளைச்சிருச்சா?"

"ஹோபார்ட்ல நடக்கறத ரேடியோவுல நாடு முழுக்கப் போடறாங்களாமே. கிர்ரா பாத்திரம் கழுவினாக்கூட ரேடியோவப் போட்டுக்கிட்டுத்தான் கழுவுவா. நான் கூப்பிட்டா அவ எடுக்கமாட்டா. இதுல தப்பிச்சுப் போக முடியாதுல்ல?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கை மட்டும் மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக அவள் பெயரை எழுதினேன்.

மறுநாள் வேறொருவர் பலியாடு. மெர்ல் ஐந்தாவதாக ஏறினாள். இந்தத் தடவை சிப்ஸ் கேட்க யாருமில்லை. கடைசி வரியில் அவள் கதவை மூடியபோது ஒரு நடுவர் அட்டையைத் தூக்க மறந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அப்போது ஹோபார்ட்டிலிருந்து போட்டியை நடத்த வந்திருந்த பிலிப்பா என்ற பெண் எழுந்தாள்.

"மன்னிக்கணும். மார்க் போடாதீங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னால லான்செஸ்டன் சுற்றுல இதே கவிதைதான் ஜெயிச்சது. எங்கம்மா பஸ் ஓட்டறாங்கன்னு சொன்னாரு. சொன்னவரு இதோ நிக்கறாரே."

அவள் கை காட்டிய இடத்தில் டார்சி நின்றான். தங்கையைப் பார்க்க லான்செஸ்டன் போகிறேன் என்று எங்களிடம் சொல்லிவிட்டுப் போனவன்.

மெர்லுக்கு உடனே உறைக்கவில்லை. "அட, நம்ம டார்சியா? எனக்காகச் சொல்லிப் பாத்திருப்பான். சொல்லுப்பா, இது யாரோடதுன்னு."

டார்சி பீர் கிளாஸைப் பார்த்தான். "என்னோடதுதான் மெர்ல். கார்ல உனக்குப் படிச்சுக் காட்டினேன். மறந்துட்டியா?"

மெர்ல் இவ்வளவு காலம் போட்டிக்கே வராதவள், இனியும் வரமாட்டாள் என்று நினைத்துத்தான் எடுத்திருக்கிறான் கழிசடை. மாட்டிக்கொண்டதும் ஒரேயடியாக அமுக்கிவிட்டான்.

பிலிப்பா நியாயமாகத்தான் கேட்டாள். மெர்ல் இதை முன்பே இங்கே சொன்னதற்கு ஏதாவது பதிவு உண்டா? என் நோட்டைப் புரட்டினாள். ஆறு வருடப் பக்கங்களில் மெர்ல் பெயர் எங்கேயும் இல்லை. பலியாட்டின் பெயரை எழுதும் பழக்கம்தான் எங்களுக்கு இல்லையே. அன்று பீர் வரிசையில் நின்றவர்களுக்கும் எதுவும் ஞாபகமில்லை.

"நேரம் பாக்கறவர் நீங்கதானே? இவங்க சொல்லி நீங்க கேட்டிருக்கீங்களா?"

மெர்ல் என்னைப் பார்த்தாள். கவலையே இல்லாத பார்வை. அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை.

எனக்குப் பின்னால் டார்சியின் ஸ்பீக்கர். அவன் போனால் மைக் போகும், அவன் சேர்த்த கூட்டம் போகும், ஞாயிறு மதியம் எனக்கிருந்த ஒரே போக்கிடமும் போகும். இவ்வளவையும் யோசிக்க இரண்டு நொடி போதுமாயிருந்தது.

"நான் கடிகாரத்தைத்தான் பாத்துட்டிருப்பேன். காதுல விழல" என்றேன்.

மெர்ல் மைக்கை அதன் கம்பியில் ஒழுங்காக மாட்டினாள். கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். பிலிப்பா அவள் பெயரின் மேல் கோடு போட்டாள். நோட்டில் ஒரே ஒரு தடவை ஏறிய பெயர், அதுவும் அடித்த பெயர்.

டார்சி ஹோபார்ட்டில் மூன்றாவதாக வந்தான். ரேடியோவில் நானும் கேட்டேன். நன்றாகத்தான் சொன்னான் பாவி. பெர்த்தில் யாராவது பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டிருந்தால், யாரோ ஒருவனுடைய அம்மா என்று நினைத்துக்கொண்டு தட்டைத் துடைத்திருப்பாள்.

நவம்பரில் ஒரு மாலை மெர்லின் பேருந்தில் ஏறினேன். இடமிருந்தால் ஊர்க்காரர்களும் ஏறலாம். என்னைக் கண்டதும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஆறாவது நிறுத்தம் வந்தது. அவள் வீட்டு வேலி தெரிந்தது. வண்டி நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"மெர்ல், நிறுத்தல?"

"ரேடியோவுல வந்ததுக்கப்புறம் பசங்க, இதோ டார்சி அம்மாவோட ஸ்டாப்புன்னு கத்துதுங்க. ஒருத்தி போட்டோகூட எடுத்தா. நான் கதவத் திறந்தா, அவனுக்காகத் திறக்கற மாதிரி இருக்கு கிளைவ். என்னால முடியல."

கவிதையை மட்டும்தான் திருடினான் என்று அதுவரை நினைத்திருந்தேன். இரண்டு மாதமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகளை எல்லாம் விட்டுவிட்டு, "நான் பொய் சொன்னேன் மெர்ல். எல்லாத்தையும் கேட்டேன். என்னை மன்னிச்சிரு" என்றேன்.

அவள் ஏழாவது நிறுத்தத்தில் வண்டியை நிறுத்தி எனக்காகக் கதவைத் திறந்தாள்.

"வண்டி ஓட்டும்போது நான் ரோட்டைத்தான் பாத்துட்டிருப்பேன்" என்றாள். "காதுல விழல."