கீழ்வீட்டு அக்காவும் ரப்பர் விரிப்பும்

இன்று என் ஹார்ட்வேர் கடைக்கு மாடிவீட்டுப் பெண்ணும் கீழ்வீட்டு அக்காவும் சேர்ந்து வந்து ரப்பர் விரிப்பு கேட்டார்கள்.

பெண்ணுக்கு அடுத்த மாதம் குத்துச்சண்டைப் போட்டி. பேக்டரி வேலை முடிந்து வந்து, வீட்டிலேயே கால் நகர்த்திப் பழகுகிறாள்.

"தலைக்கு மேல ஒரே சத்தம் லா, அண்ணே. நல்ல மெத்துமெத்துனு குடுங்க," என்றார் அக்கா.

"அதுல கால் புதையும்க்கா. திரும்பறப்ப கணுக்கால் பிசகிட்டா எங்க போட்டிக்குப் போறது?" என்றாள் பெண்.

மெத்தென்ற விரிப்பில்தான் எனக்கு அதிக லாபம். ஆனாலும் லோரித் தளத்தில் போடும் கெட்டி ரப்பரை விரித்தேன். பெயிண்ட் டின்களுக்கு நடுவே அவள் முதலில் வெறும் தரையிலும் பிறகு ரப்பர் மேலும் முன்னும் பின்னும் நகர்ந்தாள். சத்தம் பாதியாகக் குறைந்தது.

"இவ்ளோ வேகமா நீ?" என்றார் அக்கா.

விலை அறுபது வெள்ளி, ஆளுக்குப் பாதி. அக்கா இரண்டு நிபந்தனை போட்டார்: அவர் சீரியல் பார்க்கும் நேரத்தில் மட்டும் குதிக்கக் கூடாது. போட்டிக்கு அக்காவையும் கூட்டிப்போக வேண்டும்.