ஒன்பதாம் பிரிவும் சுக்குக் கிடங்கும்

வேலையின் தேவை மாறினால், மாற்றத்தை வாடிக்கையாளர் எழுத்தில் கேட்க வேண்டும். எழுத்தில் ஒப்புதல் தந்த பிறகே அதில் கை வைக்க வேண்டும். மகள் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் ஒன்பதாம் பிரிவு இது. நகராட்சியில் முப்பத்து நான்கு வருஷம் கோப்பு பார்த்தவன் நான். படித்ததும் சொந்தக்காரரைக் கண்டது போல் இருந்தது.

மகள் காக்கநாட்டு அலுவலகத்தில் நாலு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவி. மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் சுக்குக் கிடங்குக்கு, சரக்கு இருப்பைப் போனில் பதியும் மென்பொருள் செய்திருந்தாள். செப்டம்பர் முடிவதற்குள் முதலாளி அதை ஏற்றுக்கொண்டதாக எழுதித் தராவிட்டால் குழு கலையும், அவள் பெங்களூருக்குப் போக வேண்டும். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்கு அதில் ஒன்றுமில்லை என்று அவளிடம் மூன்று தடவை சொல்லியிருந்தேன்.

யாரும் அதைத் தொடுவதில்லை என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். நான் உட்கார்ந்து அவருக்கு ஒரு கடிதம் தயாரித்தேன். குறைகளைப் பதினைந்து நாளில் எழுத்தில் தெரிவிக்காவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். என் பணிக்காலத்தில் பல நல்ல மனுக்களை இப்படித்தான் அடக்கம் செய்தேன்.

மகள் நின்றபடியே படித்தாள். "நல்லா இருக்குப்பா. இதைப் பார்த்தா கையெழுத்துப் போட்டுருவாரு. அப்புறமும் யாரும் தொட மாட்டாங்க."

சனிக்கிழமை கிடங்குக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். துணை யாருக்கு என்று அவள் கேட்கவில்லை. சுக்கைத் தரம் பிரிக்கும் பெண்களோடு காலையிலிருந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் விளக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். சாயா வந்தபோது, அவர்களில் மூத்த அக்கா போனைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மோளே, மூட்டையைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே என்ன தரம்னு கேக்குது உன் போன். நான் என்ன ஜோசியக்காரியா?"

எல்லோரும் சிரித்தார்கள், மகள்தான் அதிகம். அந்தக் கேள்வி வரிசை முதலாளியே ஒப்புக்கொண்டதுதான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். மகள் திரும்பிப் பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

பிரித்து முடித்த மூட்டையின் வாயில் அவர்கள் வண்ணத் துணிக்கீற்று கட்டுவார்கள்: முதல் தரத்துக்குச் சிவப்பு, அடுத்ததுக்கு மஞ்சள், கழிவுக்கு வெள்ளை. தூசிக் கையோடு எழுத்துக் கூட்டிப் படிக்க அவர்களுக்கு நேரம் ஏது? திங்கள்கிழமை முதல் அவள் குழு திரையை மாற்றத் தொடங்கியது. தரம் கடைசியில், மூன்று பெரிய வண்ணக் கட்டங்களாக. எழுத்தில் யாரும் கேட்கவில்லை, யாரும் ஒப்புதலும் தரவில்லை.

தன் மேலாளருக்கு அவள் எழுதியதைக் காட்டினாள். "வேலை செய்பவர்களைப் பார்க்காமல் திட்டமிட்டேன். தவறு என்னுடையது." அப்படி ஒரு வாக்கியத்தை முப்பத்து நான்கு வருஷத்தில் நான் எந்தக் கோப்பிலும் எழுதியதில்லை. எழுதியிருந்தால் சில கோப்புகள் சீக்கிரம் முடிந்திருக்கும்.

மாற்றியதைக் கிடங்கில் கொடுத்துவிட்டு முதலாளிக்கும் எழுதினாள். அவரிடமிருந்து பதிலே இல்லை. நான் ரொட்டி வாங்கப் போகிறவன் போலக் கிடங்கைத் தாண்டி நடந்தேன், ஒரு நாளில் இரண்டு தடவைகூட. அந்த அக்கா கட்டைவிரலால் திரையைத் தட்டிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போவதைப் பார்த்தேன். வந்து மகளிடம் சொன்னேன். "அது போதும்பா" என்றாள். எனக்குப் போதவில்லை.

மிளகுக்கும் இதே போல வேண்டும், இதே பெண்ணே செய்யட்டும் என்ற ஒரு வரியோடு முதலாளியின் ஒப்புதல் வந்து சேர்ந்தது செப்டம்பர் இருபத்தொன்பதாம் தேதி.