அப்புக்காத்தர் கேட்காத கேள்வி

அட்டை கிழிந்த அந்தப் புத்தகம், நூலக முத்திரையோடு, வரவேற்பு மேசையின் தொலைபேசிக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும். விக்டோரியா மகாராணி காலத்தில் லண்டனில் நடந்த ஒரு கொலைவழக்கின் சாட்சியங்கள் அதில் முழுதாக அச்சாகியிருந்தன. வாடகை விடுதி நடத்திய ஒரு கிழவி கொல்லப்பட்டாள். அங்கே தங்கியிருந்த ஒருவன் விடியற்காலையில் பின்கதவால் ஓடியதைக் கண்டதாக விடுதியின் பணிப்பெண் சொன்னாள். அவனுடைய வழக்கறிஞர் அவளைக் குறுக்குக் கேள்விகளால் நொறுக்கினார். அவன் விடுதலையானான். கொலைகாரன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை.

புத்தகத்தை வைத்திருந்தவரை நாங்கள் அப்புக்காத்தர் என்போம். யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞரைச் சொல்லும் பழைய பெயர் அது. அங்கே அவர் எழுந்தாலே சாட்சிகள் நடுங்குவார்களாம். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ரொறன்ரோவில், நான் வேலைசெய்த கட்டடத்தின் காவலாளியாக, அளவு பொருந்தாத நீலச் சட்டையோடு அந்த மேசையில் இருந்தார். மேல்மாடிச் சட்ட அலுவலகத்தில் அகதி வழக்குகளுக்கு நான் மொழிபெயர்ப்பாளர். மதியமானால் சாப்பாட்டுப் பெட்டியோடு கீழே இறங்கிவிடுவேன்.

சாப்பிட்டபடியே அவர் என்னைப் பணிப்பெண்ணாக்கிவிடுவார். விளக்கு எவ்வளவு தூரம், பனிப்புகார் எவ்வளவு அடர்த்தி, முகத்தின் எந்தப் பக்கம் தெரிந்தது என்று அடுக்குவார். புத்தகத்தில் அவள் சொன்ன பதில்களையே நானும் சொல்வேன். ஏழெட்டுக் கேள்விக்குள் பொய்காரி ஆகிவிடுவேன். இருவரும் சிரிப்போம். அவள் பொய் சொன்னவள்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அதை நிரூபிக்க அவருக்கு ஏன் அவ்வளவு அவசரம் என்று நான் யோசித்ததில்லை.

பனி கொட்டிய ஒரு மாசி மாதத்து மதியம், முகம் தெரியாத இருட்டில் ஆளை எப்படி அடையாளம் கண்டாய் என்று வழக்கம்போல் மடக்கினார். அன்று காலைதான் ஒரு விசாரணையில் இதே கேள்விக்கு ஒரு தாய் வாயடைத்துப் போயிருந்தாள். மொழிபெயர்ப்பாளர் சொந்தமாக ஒரு சொல்லும் சேர்க்கக்கூடாது. சேர்க்காமல்தான் வந்திருந்தேன். அந்தக் கோபத்தில் புத்தகத்தில் இல்லாததைச் சொன்னேன்.

“முகத்தைக் கண்டனான் எண்டு நான் எங்க சொன்னனான்? ரெண்டு வருசமா அந்த மனிசனுக்குச் சாப்பாடு குடுத்தனான். இருமினாலும் தெரியும், நடந்தாலும் தெரியும். எப்பிடித் தெரியும் எண்டு நீங்கள் ஒருக்காலும் கேக்கேல்லையே.”

சிரிப்பார் என்று பார்த்தேன். அவர் கரண்டியை வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். அவளுடைய சாட்சியம் முழுவதையும் திரும்ப வாசித்தார். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு நிமிர்ந்தார்.

“ஓம். எப்பிடித் தெரியும் எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை, பிள்ளை.”

லண்டன் பெண்ணைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஊரில், விடியப்புறத்தில் தன் கணவனைத் தோட்டத்துக்குள் வெட்டிக் கொன்றுவிட்டு ஓடியவனைக் கண்டதாக ஓர் இளம்பெண் சாட்சி சொல்லியிருக்கிறாள். ஓடியவன் அயல்வீட்டுப் பெடியன். அவனுக்காக வாதாடிய அப்புக்காத்தர், இருட்டையும் தூரத்தையும் வைத்து அவளைக் கூண்டிலேயே அழவைத்தார். சரியாகத் தெரியவில்லை என்று அவளே சொல்லும்வரை விடவில்லை. விடுதலையான அன்றே அந்தப் பெடியன் இவரிடம் வந்து, அவள் சொன்னது உண்மை என்று சொல்லிவிட்டுப் போனான். தொழில் தர்மம் என்று இவர் அதை விழுங்கிக்கொண்டார். போன கோடையில், ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் ஒரு தமிழ்க் கடையில், கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற அதே பெண்ணைக் கண்டிருக்கிறார். அடுத்த வாரம்தான் இந்தப் புத்தகத்தைத் தேடி எடுத்தாராம்.

இத்தனை நாளும் யாரை நடித்துக்காட்டிச் சிரித்திருக்கிறேன் என்று உறைத்தபோது, சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு மேலே போய்விட்டேன். மூன்று நாள் கீழே இறங்கவில்லை. நான்காம் நாள் அவரே மேலே வந்தார். வெட்டியவன் செத்துக் கனகாலம், இனி யாரைக் காப்பாற்ற என்றார். அந்தப் பெண்ணிடம் போய் உண்மையைச் சொல்லவேண்டும், தனியே போகத் துணிவில்லை என்றார்.

கடைக்காரரிடம் விலாசம் விசாரித்து, ஒரு சனிக்கிழமை காலை போனோம். மகள் கதவைத் திறந்தாள். உள்ளே சோபாவில் இருந்த அந்தப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். அப்புக்காத்தரைக் கண்டதும் “ஐயா” என்று எழுந்து நின்றார். அந்த மரியாதையை என்னால் பார்க்க முடியவில்லை.

“அண்டைக்கு நீங்கள் கண்டது சரி அம்மா. அவன்தான். தானே எனக்குச் சொன்னவன்.”

கத்துவார், எங்களை வெளியே போகச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். எப்போது சொன்னவன் என்று மட்டும் கேட்டார். வழக்கு முடிந்த அன்றே என்று அப்புக்காத்தர் சொன்னதும், சோபாவில் திரும்ப உட்கார்ந்தார். பிறகு தேநீர் போடக் குசினிக்குள் போயிருந்த மகளைக் கூப்பிட்டு, அவளுக்கு முன்னால் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புக்காத்தர் சொன்னார்.

அடுத்து அந்தப் பெண் சொன்னது, விசாரணை அறைகளில் யாராவது சரியாகத் தெரியவில்லை என்று குரல் தாழ்த்தும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

“பிழையாக் கண்டுட்டன், ஒரு அப்பாவிப் பெடியனைக் கொலைகாரன் எண்டு சொல்லிப்போட்டன் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தனான். கனடாவுக்கு வெளிக்கிடும்வரைக்கும், அவன்ர தாய் றோட்டில வந்தால் நான் தலையைக் குனிஞ்சுகொண்டு போனனான், ஐயா.”